மார்ச்சில் பிறந்தவர்களைத் தேடி தென் ஜெர்மனியில்

சனி, ஷோர்ன்டார்ஃப்

ஸ்டுட்கார்ட்டில் புறப்பட்டு உல்ம், மியூனிக், ஏர்லாங்கன், வூர்ஸ்பர்க், ஹைடல்பர்க் என்று சுற்றி மறுபடி ஸ்டுட்கார்ட்டுக்கே வந்து சேரும் ரயில் பாதை ஒன்று உண்டு. இதில் எந்த ஊரில் இறங்கினாலும் மார்ச் மாதம் பிறந்த ஒரு விஞ்ஞானியின் தடம் கிடைக்கும். ஃப்ரான்ஹோஃபர் மார்ச் 6, கிர்க்காஃப் 12, ஐன்ஸ்டீன் 14, ஓம் 16, டெய்ம்லர் 17, டீசல் 18, எம்மி நோய்தர் 23, ரான்ட்ஜன் 27, பன்சன் 30. பன்சனுக்கு 31 என்று சொல்லும் நூல்களும் உண்டு. எப்படியும் மார்ச்தான்.

பிறந்த மாதம் ஒருவரை விஞ்ஞானி ஆக்கும் என்றெல்லாம் நான் நம்பவில்லை. வேறு எந்த மாதத்துக்கும் இப்படி ஒரு பட்டியல் போடலாம். ஆனால் பள்ளியில் இயற்பியல் நடத்திய காலத்தில், அந்தந்த மாதம் பிறந்த விஞ்ஞானிகளின் பெயரைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வைப்பது என் வழக்கம். மார்ச்சுக்கு மட்டும் ஓரம் போதாது. அப்படி எழுதி எழுதித்தான் இவர்களில் பலர் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தொட்டவர்கள் என்பது கண்ணில் பட்டது. மார்ச் என்றால் நமக்குப் பொதுத்தேர்வு, ஊரை விட்டு நகர முடியாது. இப்போது ஓய்வு பெற்றாகிவிட்டது. தம்பி ஸ்டுட்கார்ட்டில் வேலை செய்கிறான். அவனும் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வருகிறான்.

ஷோர்ன்டார்ஃப், ஸ்டுட்கார்ட்டிலிருந்து புறநகர் ரயிலில் போகும் தூரம்தான். சதுக்கத்தைச் சுற்றி மரச்சட்டங்கள் வெளியே தெரியும் பழைய வீடுகள். ஹோல்காஸெ என்ற சந்தில், வண்டிக்கு ஏற்ற இலகுவான இன்ஜினைச் செய்த கோட்லீப் டெய்ம்லர் 1834-இல் பிறந்த வீட்டைச் சிறிய அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். அப்பா ரொட்டி சுடுபவர். மகன் முதலில் கற்றது துப்பாக்கி செய்யும் தொழில். பயிற்சியை முடித்ததற்குச் சான்றாக இரட்டைக் குழல் கைத்துப்பாக்கி செய்து காட்டியவர். தாழ்ந்த கூரையும் குறுகலான படியும் உள்ள அந்த வீட்டுக்குள் நிற்கும்போது, உலோகத்தை மில்லிமீட்டர் பிசகாமல் இழைக்கும் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

தம்பி ஒவ்வொரு பலகையாகப் படித்துச் சொன்னான். "அக்கா, இதுல பாதிக்கு மேல மைபாக் பேருதான் இருக்கு." அவன் சொன்னது சரி. வில்ஹெல்ம் மைபாக் பத்து வயதில் பெற்றோரை இழந்து ராய்ட்லிங்கன் ஊரின் ஒரு அறநிலையத்தில் வளர்ந்தவர். அந்த அறநிலையத்தின் இயந்திரப் பட்டறையை நடத்த வந்த டெய்ம்லர், நன்றாகப் படம் வரையும் அந்தப் பையனைக் கவனித்துக் கூடவே சேர்த்துக்கொண்டார். அதற்கப்புறம் டெய்ம்லர் சாகும்வரை இருவரும் சேர்ந்தே வேலை செய்தார்கள்.

திரும்பும் வழியில் பாட் கான்ஸ்டாட்டில் இறங்கினோம். டெய்ம்லர் தன் வீட்டுத் தோட்டத்துக் கண்ணாடிக் குடிலைப் பட்டறையாக்கிய இடம் பூங்காவை ஒட்டி இருக்கிறது. இரவு பகலாக உள்ளே ஏதோ தட்டும் சத்தம் கேட்கவும், கள்ள நோட்டு அடிக்கிறார்களோ என்று தோட்டக்காரர் போலீஸில் சொல்லிவிட்டாராம். வந்து பார்த்த போலீஸுக்குக் கிடைத்தவை கருவிகளும் இன்ஜின் பாகங்களும்தான். அக்காலத்து இன்ஜின்கள் நிமிடத்துக்கு இருநூறு சுற்றைக்கூடத் தொடாது. அறையை அடைக்கும் கனம் வேறு. இவர்கள் செய்தது நிமிடத்துக்கு 600 சுற்று ஓடியது, எடையும் குறைவு. 1885-இல் அதை ஒரு மரச்சட்ட இருசக்கர வண்டியில் பொருத்தி ஓட்டினார்கள். ஒரு வண்டி தன் இன்ஜினைத் தானே சுமந்து போக முடிந்தது அந்த எடைக் குறைவால்தான்.

டெய்ம்லர் இறந்தது 1900 மார்ச் 6. அதுவும் மார்ச்.

ஞாயிறு, உல்ம்

ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் கடைகள் திறக்காது. அதனால் உல்ம் நிலையத்துக்கு எதிரே உள்ள பான்ஹோஃப் தெருவில் கூட்டமே இல்லை. ஐன்ஸ்டீன் 1879-இல் இங்கே ஒரு வீட்டில் பிறந்தார். அந்த வீடு இப்போது இல்லை. 1944 டிசம்பரில் நடந்த குண்டுவீச்சில் தரைமட்டமாகிவிட்டது. மாக்ஸ் பில் என்ற கலைஞர் வடிவமைத்த கருங்கல் நினைவுச்சின்னம் அங்கே நிற்கிறது. படுத்த கற்களும் நிமிர்ந்த கற்களுமாக அடுக்கிய அமைப்பு. பக்கத்தில் போய்ப் படித்தால்தான் யாருக்கு என்று தெரியும்.

ஐன்ஸ்டீன் குடும்பம் 1880-லேயே மியூனிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. குழந்தைக்கு அப்போது ஒன்றேகால் வயது. அதனால் உல்ம் அவரை உருவாக்கியது என்று சொல்ல எதுவும் இல்லை. ஆனால் ஊர் அவரிடம் நடந்துகொண்ட விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1922-இல் ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். 1933-இல் நாஜிகள் வந்ததும் அதை அழித்து ஃபிக்டெ தெரு என்று மாற்றினார்கள். போர் முடிந்ததும் மறுபடி ஐன்ஸ்டீன் தெரு ஆனது. 1949-இல் கௌரவக் குடிமகன் பட்டம் தர முன்வந்தபோது அவர் மறுத்துவிட்டார். மறுத்தது நியாயம் என்றே எனக்குப் படுகிறது. இடையில் அந்த ஊரின் யூதர்களுக்கு நடந்ததை ஒரு பட்டம் ஈடு செய்யாது.

உல்ம் பேராலயத்தின் கோபுரம் 161.5 மீட்டர். ஐன்ஸ்டீன் பிறந்தபோது அது அரைகுறையாகத்தான் நின்றது, முடிந்தது 1890-இல். தம்பி 768 படியையும் ஏறிவிட்டு வந்தான். நான் கீழே டான்யூப் கரையில் நடந்தேன்.

மாலையில் ஆக்ஸ்பர்க். ருடால்ஃப் டீசல் பாரிஸில் பிறந்தவர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது ஜெர்மானியக் குடும்பம் என்பதால் பாரிஸை விட்டு வெளியேற வேண்டி வந்தது. பன்னிரண்டு வயதுப் பையனை ஆக்ஸ்பர்க்கில் கணித ஆசிரியராக இருந்த சித்தப்பா முறை உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கே படித்து, இதே ஊர் இயந்திர ஆலையில் 1893-இல் தொடங்கி, 1897-இல் ஒழுங்காக ஓடும் டீசல் இன்ஜினைக் காட்டினார். விட்டல்ஸ்பாகர் பூங்காவில் அவர் நினைவாக ஒரு ஜப்பானியக் கல்தோட்டம் இருக்கிறது. டீசல் இன்ஜின் தயாரித்த யமாவோகா மகோகிச்சி என்ற ஜப்பானியர் 1957-இல் கொடுத்தது. வெளிச்சம் போவதற்குள் பார்த்துவிட்டு மியூனிக் ரயிலைப் பிடித்தோம்.

திங்கள், மியூனிக், பெனடிக்ட்பாயர்ன்

இந்தப் பயணத்தில் நான் அதிகம் எதிர்பார்த்திருந்த நாள் இது. யோசஃப் ஃப்ரான்ஹோஃபர், ஸ்ட்ராபிங் ஊரில் கண்ணாடி வேலை செய்பவரின் பதினோராவது பிள்ளை. சிறு வயதிலேயே தாயும் தந்தையும் போய்விட, மியூனிக்கில் ஒரு கண்ணாடிக்காரரிடம் எடுபிடியாகச் சேர்த்தார்கள். சம்பளம் கிடையாது. புத்தகம் படிக்கவும் முதலாளி விடவில்லை. 1801 ஜூலையில் அந்த வீடு இடிந்து விழுந்தது. முதலாளியின் மனைவி இறந்துபோனார். பதினான்கு வயது ஃப்ரான்ஹோஃபரை மணிக்கணக்காகத் தோண்டி உயிரோடு மீட்டார்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களில் நாட்டை ஆண்ட மாக்ஸ் யோசஃபும் இருந்தார். பையனுக்குப் பதினெட்டு டுகாட் பொற்காசு கொடுத்தார். அந்தக் காசில் அவன் கண்ணாடி தேய்க்கும் இயந்திரம் வாங்கினான், மீதியைக் கொடுத்து எடுபிடி ஒப்பந்தத்திலிருந்தும் விடுபட்டான். அங்கே இருந்த இன்னொருவர் உட்ஸ்ஷ்னைடர் என்ற தொழில் முனைவர். அவர் கணிதத்திலும் ஒளியியலிலும் புத்தகங்கள் வாங்கிக் கொடுத்தார். சில ஆண்டுகளில் தன் ஒளியியல் நிறுவனத்திலேயே வேலைக்கும் எடுத்துக்கொண்டார். இந்த இடத்தை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் என் குரல் மாறிவிடும். இடிபாட்டிலிருந்து எடுத்த பையனுக்குக் காசு கொடுக்கப் பலர் இருப்பார்கள். புத்தகம் கொடுக்கத் தோன்றியது ஒருவருக்குத்தான்.

உட்ஸ்ஷ்னைடரின் கண்ணாடி உலை பெனடிக்ட்பாயர்ன் மடத்தில் இருந்தது. மியூனிக்கிலிருந்து ஆல்ப்ஸ் அடிவாரம் நோக்கி ஒரு மணி நேர ரயில். மலையில் இன்னும் பனி, வயலில் மட்டும் பச்சை எட்டிப் பார்க்கிறது. மடத்தை ஒட்டிய பழைய கட்டடத்தில் உருக்கு உலைகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே வெளிச்சம் குறைவு, குளிர் எலும்பு வரை போகிறது.

இங்கேதான் அவருடைய பெரிய வேலை நடந்தது. தொலைநோக்கிக்கு லென்ஸ் செய்ய வேண்டுமென்றால் ஒவ்வொரு கண்ணாடியும் ஒவ்வொரு நிறத்தை எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாக அளக்க வேண்டும். ஆனால் சிவப்பு எங்கே முடிகிறது, ஆரஞ்சு எங்கே ஆரம்பிக்கிறது? நிறமாலையில் கோடு போட்டுப் பிரிக்க முடியாது. நிலையான ஒரு குறி வேண்டும். 1814-இல் சூரிய ஒளியைக் குறுகிய பிளவு வழியாக முப்பட்டகத்தில் விட்டுத் தொலைநோக்கியால் பார்த்தார். நிறமாலை நெடுகக் கருங்கோடுகள்! இங்கிலாந்தில் வோலஸ்டன் 1802-லேயே சிலவற்றைக் கண்டிருந்தார். ஃப்ரான்ஹோஃபர் எண்ணியது 574. முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயரும் வைத்தார். மஞ்சளில் இருக்கும் இரட்டைக் கோட்டுக்கு டி என்று அன்று வைத்த பெயர் இன்றும் அதேதான்.

அவருக்கு அந்தக் கோடுகள் சாலையோர மைல்கல் மாதிரி, கண்ணாடியை அளக்க உதவின. அதோடும் விடவில்லை. வெள்ளிக் கோளின் ஒளியில் சூரியனின் கோடுகளே இருப்பதையும் சிரியஸ் விண்மீனில் வேறு கோடுகள் இருப்பதையும் கண்டு எழுதி வைத்தார். கோடு ஏன் வருகிறது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. 1826-இல் காசநோயால் இறந்தபோது வயது 39.

மாலை மியூனிக் திரும்பி ஆல்டர் சூட்ஃப்ரீட்ஹாஃப் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். ஃப்ரான்ஹோஃபர் இங்கே அடக்கம் செய்யப்பட்டார். விண்மீன்களை அருகே கொண்டுவந்தார் என்று லத்தீனில் அவர் கல்லறைக்கு எழுதினார்கள். அதே தோட்டத்தில் ஜார்ஜ் சைமன் ஓமும் இருக்கிறார். ஃப்ரான்ஹோஃபரின் பிறந்த ஊரான ஸ்ட்ராபிங் எங்கள் பாதையை விட்டு விலகியிருப்பதால் அங்கே போகவில்லை. ஓமின் பிறந்த ஊர் நாளைக்கு.

செவ்வாய், ஏர்லாங்கன்

பிரான்சிலிருந்து மத ஒடுக்குமுறைக்குத் தப்பி வந்த ஹியூகனாட்டுகள் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்காகத் திட்டமிட்டுக் கட்டிய ஊர். தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக ஓடுகின்றன. ஃபார் தெருவில் ஓம் 1789-இல் பிறந்தார். பூட்டுத் தொழில் செய்த அப்பா பள்ளிக்கூடம் சென்று உயர்படிப்பு படித்தவர் கிடையாது. ஆனாலும் தானே கணிதமும் இயற்பியலும் கற்று, பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுத்தார். மூத்தவன் இயற்பியலாளர் ஆனான், தம்பி மார்ட்டின் கணிதப் பேராசிரியர் ஆனான். ஓம் உலோகக் கம்பியை வைத்துச் செய்த சோதனைகளுக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்யத் தெரிந்திருந்ததும் அந்தப் பட்டறைப் படிப்பால்தான்.

ஓம் விதி என்றால் V=IR, அதாவது மின்னழுத்தம் = மின்னோட்டம் × மின்தடை, என்று எழுதிவிட்டு நாம் அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். அதைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சிரமம் என்று சொல்ல நேரம் கிடைப்பதில்லை. அன்றைய மின்கலங்களின் வலு ஓடும்போதே இறங்கிக்கொண்டே வரும். அளவு நிலைக்காது. அதனால் ஓம் மின்கலத்தை ஒதுக்கிவிட்டு பிஸ்மத், தாமிரம் இரண்டையும் இணைத்த வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு சந்தியைக் கொதிக்கும் நீரில் வைத்தார், மற்றதைப் பனிக்கட்டியில். கொதிநிலையும் உறைநிலையும் மாறாது, ஆகவே மின்னழுத்தமும் மாறாது. கம்பியின் நீளத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காந்த ஊசியின் விலகலைக் குறித்தார். கொலோனில் பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே இதையெல்லாம் செய்தார் என்பது எனக்கு ரொம்பப் பெருமை.

1827-இல் வந்த புத்தகத்தை ஜெர்மனியில் பலர் ஏற்கவில்லை. அவர் வேலையை விட்டு விலகினார், வருடக்கணக்காகத் தள்ளாடினார். 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் சொந்த நாடு திரும்பிப் பார்த்தது. மியூனிக்கில் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-இல், இறந்தது 1854-இல்.

அதே ஊரில், முதன்மைத் தெருவான ஹாப்ட் தெருவில் 1882-இல் எம்மி நோய்தர் பிறந்தார். அப்பா மாக்ஸ் நோய்தர் இங்கே கணிதப் பேராசிரியர். 1900-இல் எம்மி பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பெண்கள் மாணவியாகப் பதிவு செய்ய முடியாது. ஒவ்வொரு பேராசிரியரிடமும் அனுமதி கேட்டு வகுப்பில் உட்காரலாம், அவ்வளவுதான். 986 பேரில் இரண்டே பெண்கள். 1907-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அதற்குப் பிறகு ஏழு வருடம் இங்கேயே சம்பளமில்லாமல் பாடம் நடத்தினார், ஆராய்ச்சி செய்தார்.

"ஏழு வருஷமா? யாரும் எதுவும் கேக்கலையா அக்கா?" என்றான் தம்பி.

கேட்டவர்கள் 1915-இல் வந்தார்கள். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர்களான ஹில்பர்ட்டும் கிளைனும் ஐன்ஸ்டீனின் புதிய பொதுச் சார்பியலில் ஆற்றல் அழிவின்மை எப்படி அமைகிறது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது நோய்தரை அழைத்தார்கள். அங்கேயும் ஆசிரியர் குழு தடுத்ததால் ஹில்பர்ட் பெயரில் அறிவிப்புப் போட்டு, பாடத்தை இவர் நடத்தினார். 1918-இல் விடை சொன்னார். இயற்கையில் ஒரு சமச்சீர் இருந்தால் அதற்கு ஈடாக அழியாத ஒரு அளவு இருந்தே தீரும். இன்று செய்த சோதனை நாளை செய்தாலும் அதே முடிவைத் தருகிறது என்றால் ஆற்றல் அழியாது. இங்கே செய்தது பக்கத்து ஊரிலும் அப்படியே வருகிறது என்றால் உந்தம் அழியாது. நம் பாடநூலில் தனித்தனி விதிகளாக வருபவை எல்லாம் ஒரே வேரில் முளைத்தவை என்று காட்டியவர் அவர். அந்தப் பாடத்தில் அவர் பெயர் ஒரு வரியாவது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

1933-இல் யூதர் என்பதால் வேலையை விட்டு நீக்கினார்கள். அமெரிக்கா போய் இரண்டே ஆண்டில் இறந்தார். அவரைப் பற்றி நியூயார்க் டைம்ஸுக்குக் கடிதம் எழுதியவர் ஐன்ஸ்டீன். இன்று ஏர்லாங்கனில் ஓம் பெயரில் ஒரு பள்ளி, எம்மி நோய்தர் பெயரில் ஒரு பள்ளி, இரண்டும் இருக்கின்றன.

புதன், வூர்ஸ்பர்க்

நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் ரான்ட்ஜன் வளையச் சாலை. 1895 நவம்பர் 8 மாலை ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்த ஆய்வுக்கூடத்தை நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். கறுப்பு அட்டையால் மூடிய வெற்றிடக் குழாய், தள்ளி இருந்த பேரியம் பூச்சுத் திரை, அது ஒளிர்ந்தது, இதெல்லாம் எல்லோரும் அறிந்தது. டிசம்பர் 22 அன்று மனைவி பெர்த்தாவின் கையை மோதிரத்தோடு படம் எடுத்தார்.

அவ்வளவாகப் பேசப்படாதது இன்னொன்று. நெதர்லாந்தில் படித்தபோது வேறொரு மாணவன் வரைந்த கேலிச்சித்திரத்துக்காக ரான்ட்ஜனைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். பள்ளி இறுதிச் சான்றிதழ் இல்லை. ஜூரிச்சில் அவருடைய திறமையைப் பார்த்த ஆகஸ்ட் குண்ட் என்ற பேராசிரியர் தன் உதவியாளராக்கி, 1870-இல் வூர்ஸ்பர்க்குக்கும் அழைத்து வந்தார். சான்றிதழ் இல்லாதவருக்குக் கற்பிக்கும் தகுதி தர முடியாது என்று இதே பல்கலைக்கழகம் மறுத்தது. குண்ட் தன்னோடு ஸ்ட்ராஸ்பர்க்குக்குக் கூட்டிப்போய் அங்கே வாங்கிக் கொடுத்தார். 1888-இல் ரான்ட்ஜன் பேராசிரியராகவே வூர்ஸ்பர்க் திரும்பினார். 1901-இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தபோது பணத்தை இந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். எக்ஸ் கதிருக்குக் காப்புரிமையும் வாங்கவில்லை.

வியாழன், ஹைடல்பர்க்

ஃப்ரான்ஹோஃபர் விட்டுப்போன கேள்விக்கு விடை கிடைத்த ஊர். ராபர்ட் பன்சன் கோட்டிங்கனில் பிறந்து 1852-இல் இங்கே வேதியியல் பேராசிரியராக வந்தவர். குஸ்தாவ் கிர்க்காஃப் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்தவர். மாணவராக இருந்தபோதே, 1845-இல், ஓம் விதியை எடுத்துப் பல கண்ணிகள் உள்ள மின்சுற்றுக்கு விரித்தவர். நாம் நடத்தும் கிர்க்காஃப் விதிகள் அவைதான். 1854-இல் அவரை ஹைடல்பர்க்குக்கு வரவைத்ததும் பன்சன்தான்.

ஊருக்கு அப்போது எரிவாயு வந்திருந்தது. பன்சன் தன் புதிய ஆய்வகத்துக்காக டெசாகா என்ற கருவி வினைஞரோடு சேர்ந்து நிறமே இல்லாத, சூடான சுடர் தரும் அடுப்பைச் செய்தார். சுடரில் நிறம் இல்லாததால் அதில் தூவும் உப்பின் நிறம் கலப்படமில்லாமல் தெரியும். பன்சன் நிறக் கண்ணாடிகளை வைத்து அந்த நிறங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பட்டகம் வழியாகப் பார்க்கலாமே என்றார் கிர்க்காஃப். அதில் எல்லாம் மாறியது.

முதன்மைத் தெருவில் ஹாஸ் சும் ரீசன் என்ற பழைய மாளிகையின் சுவரில் பலகை இருக்கிறது. எதிர்ப்பக்கம் பன்சன் சிலை. 1859-இல் இந்த மாளிகையில் கிர்க்காஃப் சூரிய ஒளியை சோடியம் சுடர் வழியாக அனுப்பிப் பார்த்தார். சோடியம் மஞ்சளாக எரியும் இடமும் சூரியனின் கரிய டி கோடும் ஒன்றே என்று தெரியும். சுடரின் மஞ்சள் போய் அந்தக் கரும்பகுதியை நிரப்பும் என்று எதிர்பார்த்தார். கோடு இன்னும் கருத்தது! சுடர் தான் வெளியிடும் அதே நிறத்தை விழுங்கவும் செய்கிறது. அப்படியானால் சூரியனின் வெளி அடுக்கில் சோடியம் இருக்கிறது. தொட முடியாத சூரியனில் என்ன இருக்கிறது என்று பூமியில் நின்றே சொல்லலாம்.

அடுத்த இரண்டு ஆண்டில் அதே முறையால் சீசியம், ருபீடியம் இரண்டையும் கண்டுபிடித்தார்கள். சீசியத்துக்காக டுர்க்ஹைம் ஊற்று நீரை ஏறத்தாழ 40 டன் வற்றவைக்க வேண்டியிருந்தது. பிற்பகலில் நெக்கர் ஆற்றைத் தாண்டி, அவர்கள் சேர்ந்து உலாவிய தத்துவவாதிகள் நடைபாதையில் ஏறினோம். தம்பிக்கு அங்கே உட்கார்ந்து மூன்று பேரின் தேதியையும் வரிசையாகச் சொன்னேன். கோட்டைக் கண்டவர் மார்ச் 6, சுடரைத் தந்தவர் மார்ச் 30, காரணம் சொன்னவர் மார்ச் 12.

"இதுல நம்ம ஊரு எதுவும் இல்லையா?" என்று கேட்டான்.

இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தின்போது ஜான்சன் என்ற பிரெஞ்சுக்காரர் அன்றைய சென்னை மாகாணத்து குண்டூரிலும், சென்னை வானாய்வகத்தின் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் நிறமாலைமானியோடு காத்திருந்தார்கள். டி கோட்டுக்குப் பக்கத்திலேயே, ஆனால் அதோடு பொருந்தாமல், ஒரு மஞ்சள் கோடு அந்த ஆண்டில் பதிவானது. பூமியில் அதுவரை யாரும் பார்த்திராத ஹீலியம் அது. பிறகு 1909-இல் கோடைக்கானல் ஆய்வகத்தில் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் ஃப்ரான்ஹோஃபர் கோடுகள் சற்றே இடம் பெயர்வதை அளந்து, அங்கே வாயுக்கள் மையத்திலிருந்து வெளிப்பக்கமாகப் பாய்வதைக் கண்டுபிடித்தார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுவதும் சொல்வது அதைத்தான். அவர் பிறந்தது பிப்ரவரி 26.